போனில் என்ன நர்சிங்?

டிஸ்சார்ஜ் நாளன்று வார்டில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஃபைல், ஸ்கேன் கவர், மாத்திரைப் பை, சுருட்டிய ஏர் பெட் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். "வீட்டுக்குப் போனதும் நாங்க தொடர்ந்து போன் பண்ணுவோம்" என்று நான் சொன்னதும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் திரும்பிப் பார்ப்பார். "போன்ல என்ன சிஸ்டர் பண்ணப் போறீங்க? ஊசியா போடப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். இதற்கு நேர் எதிராக நிற்பவர்களும் உண்டு. "வீடியோ கால்ல டாக்டரே பார்த்துக்குவாரு, ஆப் கூட இருக்காம்" என்று சொல்லி நிம்மதியாகிவிடுவார்கள். ஒருவர் போனை நம்பவே மாட்டேன் என்கிறார், இன்னொருவர் அளவுக்கு மீறி நம்புகிறார். தூரத்தில் உட்கார்ந்து செய்யும் வைத்தியம் என்றுதான் இருவரும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

தண்டுவடக் காயம் பட்டவர்களைப் பார்க்கும் ஒரு மறுவாழ்வுப் பிரிவில், சென்னையில், நான் நர்ஸ். என் நாளில் பாதி வார்டிலும் பாதி போனிலும் போகிறது. இந்த இரண்டாவது பாதியில் என்ன நடக்கிறது என்பதை, மருத்துவம் படிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

மாடித் தொட்டியும் எதிர்வீட்டு அக்காவும்

மோட்டார் போட்டுவிட்டு மறக்காத வீடு சென்னையில் கிடையாது. தொட்டி நிரம்பியது கீழே டிவி பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. அலாரம் வைத்திருந்தால் அது கத்தும். அந்த அலாரத்தின் ஒயர் அறுந்து போயிருந்தால்?

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் அக்கா போன் செய்வார். "உங்க டேங்க் வழியுது பாருங்க." அவரால் உங்கள் வீட்டு சுவிட்சை அணைக்க முடியாது. நீங்கள்தான் எழுந்து போக வேண்டும். ஆனால் அவர் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் எழுந்தே இருக்க மாட்டீர்கள்.

அந்த அக்கா இன்னும் கொஞ்சம் விவரமானவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொட்டி நிரம்ப இருபது நிமிஷம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பதினெட்டாவது நிமிஷமே போன் செய்து, "மோட்டார் போட்டு ரொம்ப நேரமாச்சே?" என்று கேட்பார். டெலிநர்சிங் என்று சொல்லப்படுவது கிட்டத்தட்ட இந்த இரண்டாவது போன்தான். டெலிநர்சிங் என்றால் நர்ஸ் ஒரு இடத்திலும் நோயாளி வேறொரு இடத்திலும் இருக்க, போன் வழியாகக் கேட்டு, கவனித்து, சொல்லிக்கொடுத்து, தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பும் வேலை.

அலாரம் ஒயர் எது என்று பார்த்தால் மீதி புரிந்துவிடும்.

அறுந்த ஒயர்

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். அந்த அடுக்கின் நடுவே உள்ள குழாயில், மூளையின் அடியிலிருந்து இடுப்புக்குச் சற்று மேல் வரை இறங்குகிற நரம்புக் கற்றைதான் தண்டுவடம். அதிலிருந்து இரு பக்கமும் 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடம்பெங்கும் போகின்றன.

பைக் விபத்தில், சாரத்திலிருந்து விழுந்ததில், மரத்திலிருந்து விழுந்ததில் எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கினால், அந்த இடத்துக்குக் கீழே போக்குவரத்து நின்றுவிடும். கழுத்தில் அடிபட்டால் கை, கால் இரண்டும் பாதிக்கும். இதை டெட்ராபிளீஜியா என்பார்கள். மார்பிலோ அதற்குக் கீழோ என்றால் கால்கள் பாதிக்கும், இது பாராபிளீஜியா. சிலருக்குப் பாதை முழுக்க அடைபடும், சிலருக்கு ஒற்றையடிப் பாதையாவது மிஞ்சும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்துத் தெருக்காரருக்கு நடந்தது உங்கள் வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

போக்குவரத்து நின்றுவிடும் என்றதும் எல்லோரும் மேலிருந்து கீழே போகும் கட்டளையை மட்டுமே நினைக்கிறார்கள்: கால் அசையாது. உண்மைதான், கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் வீட்டுக்குப் போனபின் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் எதிர்த்திசை. கீழிருந்து மேலே வரும் செய்திகள். "இங்கே அழுத்துது, புரண்டு படு." "மூத்திரப்பை நிரம்பிடுச்சு." "கால் சுடுது, எடு." பிறந்ததிலிருந்து நம் உடம்பு நிமிஷத்துக்கு ஒரு முறை இப்படி நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நாம் கவனிப்பதுகூட இல்லை. காயத்துக்குப் பிறகு அந்த நச்சரிப்பு நின்றுவிடுகிறது.

அடிபட்ட முதல் சில நாள்தான் கண்டம் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. ஆனால் ஆபத்து அதோடு முடிவதில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்கள் மற்றவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 2 முதல் 5 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் காரணமாகும் புண், கிருமித்தொற்று போன்ற பலவற்றைத் தடுக்க முடியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: தண்டுவடம் இருவழிச் சாலை. கால் அசையாதது ஒரு பாதியின் கதை. உடம்பு தன் தேவையைச் சொல்ல முடியாமல் போவது மறு பாதி. அந்த மறு பாதிக்குத்தான் போன்.

தோல் கேட்காத கேள்வி

மூன்று மணி நேரம் தியேட்டரில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், நூறு முறையாவது இடமாறி உட்கார்ந்திருப்பீர்கள். ஞாபகம் இருக்காது. எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சதைக்கு ரத்தம் குறையும், அது புகார் செய்யும், நீங்கள் நகர்வீர்கள். தோட்டத்துக் குழாயை மிதித்த காலை எடுப்பது மாதிரி.

புகார் வராவிட்டால் காலை எடுக்க மாட்டோம். சில மணி நேரத்தில் அந்தச் சதை சாகத் தொடங்கும். இதுதான் படுக்கைப்புண்: எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தத்தால் வரும் புண். பெயரே பாதித் தப்பு என்பது என் அபிப்பிராயம். வீல்சேரில் உட்கார்ந்தும் வரும். முதுகின் அடி, உட்காரும் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள்.

படுக்கையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். வீல்சேரில் இருந்தால் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து ஒன்றிரண்டு நிமிஷம் எடையை இறக்க வேண்டும். "ஏர் பெட் வாங்கிட்டோம் சிஸ்டர், இனிமே திருப்ப வேணாமில்ல?" என்று கேட்காத வீடு குறைவு. ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். திருப்புகிற வேலை அப்படியே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும் மனைவியின் வேலை அது.

தொட்டி உண்மையிலேயே தொட்டிதான்

மூத்திரப்பைக்கு மாடித் தொட்டி உவமை அச்சாகப் பொருந்தும். சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். நிரம்பியது தெரியாமலோ, தெரிந்தும் திறக்க முடியாமலோ போவதை நியூரோஜெனிக் பிளாடர் என்கிறோம். தேங்கிய மூத்திரத்தில் கிருமி வளரும். அழுத்தம் கூடினால் மூத்திரம் மேல்நோக்கித் திரும்பிக் கிட்னியைக் கெடுக்கும்.

சிலருக்கு நிரந்தரமாக டியூபும் பையும் இருக்கும். முடிந்தவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது சி.ஐ.சி. என்ற முறை: நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை மெல்லிய குழாயை விட்டு, மூத்திரத்தை வடித்து, குழாயை எடுத்துவிடுவது. அமெரிக்காவில் மிச்சிகனைச் சேர்ந்த லாபிடஸ் என்ற சிறுநீரக மருத்துவர் 1972-இல் இதை எழுதியபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி கிருமியே இல்லாத சூழல் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், நேரம் தவறாமல் வடிப்பதுதான் முக்கியம் என்றார் அவர். உலகம் முழுக்க வீட்டிலேயே இதைச் செய்ய முடிவது அதனால்தான்.

நேரம் தவறாமல் என்பதில்தான் சென்னை வீடுகள் தடுக்கி விழுகின்றன. கல்யாணத்துக்குப் போகிறார்கள், வழியில் டாய்லெட் கிடையாது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. மூத்திரம் கலங்கி நாற்றமடிக்கும், நாலாம் நாள் குளிர்ஜுரம். போனில் நான் கேட்பது "தண்ணி எவ்வளவு குடிச்சாரு, எத்தனை மணிக்கு எவ்வளவு வடிச்சீங்க" என்பதுதான். ஒரு பழைய நோட்டில் நேரமும் மில்லியும் எழுதச் சொல்வோம். வடித்த அளவு ஒவ்வொரு முறையும் 500-ஐத் தாண்டினால், இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும்.

மலம் பற்றியும் இதே கதைதான்: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே நேரத்தில், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முயல வேண்டும். சாப்பாடு உள்ளே போனால் குடல் தானாக நகரும் என்ற இயற்கை விதியைப் பயன்படுத்திக்கொள்கிறோம். இதைப் பேசக் கூச்சப்படுபவர்கள் அதிகம். மூன்றாவது போனில்தான் பேச்சே வரும்.

தலைவலி மாதிரி இருக்கும், தலைவலி இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல டாக்டர்களே அடிக்கடி பார்க்காத விஷயம் இது.

ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். மகனுக்குக் கழுத்தில் அடி, வீட்டுக்குப் போய் ஐந்து வாரம்.

"சிஸ்டர், புள்ளைக்கு மண்டை வெடிக்கிற மாதிரி வலிக்குதாம். மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துப் படுக்க வெச்சிருக்கேன்."

"படுக்க வேணாம்மா. உடனே உட்கார வைங்க. காலைத் தொங்கப் போடுங்க. கால்ல வேர்க்குதா?"

"இல்ல சிஸ்டர், கால் ஜில்லுனு இருக்கு."

"டியூப் எங்க போகுது பாருங்க. பையில எவ்வளவு இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டார் போல. பிறகு தூரத்திலிருந்து, "அய்யோ, தொடைக்கு அடியில மடங்கிக் கிடக்கு சிஸ்டர்!"

நிமிர்த்தினார். பையில் மூத்திரம் இறங்கும் சத்தம் எனக்கே கேட்டது. பத்து நிமிஷத்தில் வலி அடங்கியது.

நடந்தது இதுதான். மூத்திரப்பை நிரம்பி "காப்பாத்து" என்று மேலே செய்தி அனுப்புகிறது. காயத்தைத் தாண்டி அது மூளைக்குப் போக வழியில்லை. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள நரம்புகள் தாங்களாகவே பதறி அங்குள்ள ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. பிபி எகிறுகிறது. மூளை அதைக் கவனித்து இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, தன் கட்டுப்பாட்டில் உள்ள குழாய்களை விரிக்கிறது. அதனால்தான் முகம் சிவந்து வேர்க்கிறது, மூக்கடைக்கிறது. கீழே தளர்த்தச் சொல்லும் கட்டளையோ காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. அங்கே கால் ஜில்லென்று கிடக்கிறது. இதன் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா, சுருக்கமாக ஏ.டி. மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தம் கசியும் அளவுக்குப் போகலாம்.

இதில் ஒரு சூது இருக்கிறது. இவர்களுக்குச் சாதாரண நாளிலேயே மேல் பிபி 90 முதல் 110-க்குள்தான் இருக்கும். 140 வந்தால் தெருமுனை கிளினிக்கில், "கொஞ்சம்தான் அதிகம், டென்ஷனா இருக்கும்" என்பார்கள். இவருக்கு அது ஆபத்தான உயரம். டிஸ்சார்ஜ் ஃபைலின் முதல் பக்கத்தில் அவருடைய வழக்கமான பிபியைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்வது அதனால்தான்.

உட்கார வை, காலைத் தொங்கவிடு, இறுக்கமான துணியைத் தளர்த்து, டியூபைப் பார். டியூப் சரி என்றால் மலச்சிக்கல், புண், உள்ளே வளர்ந்த கால் நகம் என்று காயத்துக்குக் கீழே எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அடங்கவில்லை என்றால் 108. அன்று அந்த அம்மாவை அடுத்த இரண்டு மணி நேரத்தில் மேலும் இரண்டு முறை கூப்பிட்டேன். மறுநாள் மகனை டாக்டரிடம் கொண்டுவரச் சொன்னேன். ஊசி எதுவும் போடவில்லை.

இதுவரை பார்த்தவற்றில் தோல், மூத்திரம், மலம், பிபி நான்குக்கும் பொது அம்சம் ஒன்று உண்டு: உடம்பு சொல்லாததை இன்னொருவர் நேரம் பார்த்துக் கேட்க வேண்டும்.

கேட்பதில்தான் வேலை

"எப்படி இருக்காரு?" என்று கேட்டால் "நல்லா இருக்காரு" என்றுதான் பதில் வரும். நம் ஊர் மரியாதை அப்படி. அந்தப் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானே அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் நல்லா இருந்தார்கள், அடுத்த மாதம் புண்ணோடு வந்தார்கள்.

இப்போது கேட்பது: "இன்னைக்குக் காலையில முதுகைப் பார்த்தது யாரு?" பெயர் வந்தால் சரி. "பார்த்திருப்பாங்க" என்று வந்தால் யாரும் பார்க்கவில்லை. "நேத்து ராத்திரி கடைசியா எத்தனை மணிக்குத் திருப்பினீங்க?" "நோட்டுல கடைசி வரி என்ன? அப்படியே படிங்க." "கால் இழுப்பு கூடியிருக்கா?"

கடைசிக் கேள்விக்குச் சிலர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். "ஆமா சிஸ்டர், கால் நல்லா ஆடுது, வந்துடும் போல!" மனம் கனக்கும் இடம் இது. தசை தானாகத் துள்ளுவதை ஸ்பாஸ்டிசிட்டி என்பார்கள். மூளையின் கட்டளை இல்லாமல், காயத்துக்குக் கீழே நரம்பே செய்யும் வேலை. அது மட்டும் வைத்துக் குணமாகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாளில் திடீரென்று கூடியிருந்தால் எனக்கு அது துப்பு: எங்கோ மூத்திரத் தொற்றோ புண்ணோ ஒளிந்திருக்கிறது. வலி பேச முடியாத இடத்தில் இழுப்பு பேசுகிறது.

பதில்களைக் கேட்டு நான் செய்வது தரம் பிரிப்பது. மருத்துவத்தில் டிரையாஜ் என்பார்கள். மூன்றே கூடை: இப்போதே, இன்றைக்கே, அடுத்த போனுக்குள். மூச்சுத் திணறல், அடங்காத ஏ.டி., ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது எல்லாம் முதல் கூடை. ஒற்றைக் கால் வீக்கம் ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம், முதல் மூன்று மாதம் அதில் தனிக் கவனம் வேண்டும். குளிர்ஜுரம், புதிதாகத் தோல் நிறம் மாறியது இரண்டாவது கூடை. மெத்தை மாற்றலாமா, எந்த சோப்பு என்பதெல்லாம் மூன்றாவது.

எங்கள் பிரிவில் முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு போன், பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதத்துக்குப் பிறகு மாதம் ஒன்று. வேறு இடங்களில் மாறலாம். கத்திரி வெயிலில் மட்டும் கணக்குப் பார்க்காமல் கூப்பிடுவேன். மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வேர்க்காது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விட முடியாது. ஓட்டு வீட்டில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில், மே மாதம் மதியம் 101 டிகிரி காட்டினால், அது தொற்றுஜுரமா வெயில் சூடா என்று பிரிக்க வேண்டும். நிழலான இடத்துக்கு மாற்றி, ஈரத்துணி போட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடி பார்க்கச் சொல்வேன்.

போட்டோ பொய் சொல்லும்

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, முதுகின் அடிப்பகுதியை டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். நிறம் சற்றுக் கறுத்த மாதிரி இருந்தது. நிழல் என்று நினைத்து "சரியா இருக்கு" என்று பதில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து அங்கே தோல் பிளந்துவிட்டது.

பாடப் புத்தகங்கள் "சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது" என்று எழுதியிருக்கும். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. கருநீலமாகவோ சுற்றியுள்ளதைவிட அடர்த்தியாகவோ தெரியும், தெரியாமலும் போகும். அதனால் இப்போது போட்டோவுக்கு முன் கையைக் கேட்கிறேன். "புறங்கையை வெச்சுப் பாருங்க. பக்கத்துத் தோலைவிடச் சூடா இருக்கா? கல்லு மாதிரி இருக்கா, கொழகொழன்னு இருக்கா?" தடவிப் பார்க்கும் மனைவியின் விரல் என் போன் திரையைவிட நம்பகமானது. போட்டோ எடுத்தால் காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம்.

அப்புறம், அந்தரங்கம். அவசரத்தில் அனுப்பிய ஒரு போட்டோ, எனக்கு வருவதற்குப் பதிலாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போய் விழுந்தது. அந்தப் பையன் இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. அனுப்பும் முன் பெயரைப் பாருங்கள், அனுப்பியதும் போனிலிருந்து அழியுங்கள் என்று முதல் நாளே சொல்வது அதிலிருந்துதான். யாருடைய உடம்போ, அவரிடம் கேட்டுவிட்டு எடுப்பது அதற்கும் முந்தைய விதி.

போனால் ஆகாதது

மருந்து எழுதுவது என் வேலை இல்லை. "போன தடவை குடுத்த ஆன்டிபயாடிக்கே வாங்கிக்கட்டுமா சிஸ்டர்?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். முடியாது. மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, தூரத்திலிருந்து மருந்து எழுதும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே. அதற்கும் வரம்புகள் உண்டு. தவிர, மூத்திரத்தில் கிருமி இருப்பதாக லேப் ரிப்போர்ட் வந்தாலே மருந்து தேவை என்பதில்லை. குழாய் பயன்படுத்துபவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமி இருப்பது சகஜம். தேவையில்லாமல் சாப்பிட்டால் தேவைப்படும் நாளில் மருந்து கேட்காது.

இன்னொரு உண்மை, எனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவரில் உள்ள மறுவாழ்வு மையம் ஒன்றிலிருந்து வீடு திரும்பிய 410 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு இரண்டு வருஷம் தொடர்ந்து போன் அழைப்புகளும் சில வீட்டு வருகைகளும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. முடிவில் இறப்பில் தெளிவான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. படித்த அன்று சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. போன் மெத்தை வாங்கித் தராது, சாப்பாடு போடாது, மூன்றாவது மாடியிலிருந்து வீல்சேரை இறக்காது. டெலிநர்சிங்கை "செலவே இல்லாத தீர்வு" என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். அக்கா போன் செய்தும் வீட்டில் சுவிட்ச் இல்லை என்றால் தொட்டி வழியத்தான் செய்யும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது சென்னையில் பல இடங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. ஏர் பெட்டின் மோட்டார் நின்று மெத்தை தட்டையானது. போனிலும் சார்ஜ் இல்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன், ஸ்விட்ச் ஆஃப் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. இப்போது மழைக்காலத்துக்கு முன்பே ஒரு போன் தனியாகப் போகிறது: இரண்டு தலையணை தயாரா, ஒரு வாரத்துக்குக் குழாய் இருக்கா, பவர் பேங்க் இருக்கா, தூக்க வரும் பக்கத்து வீட்டுக்காரர் யார்?

நேரில் போகும் கை ஒன்றும் வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வைக்கலாம். கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. போனில் பேசும் நர்சுக்கு இந்த இடங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் பாதி வேலை நடக்காது.

போனை எடுப்பவர்

இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொல்பவர் அநேகமாக ஒரு பெண்: அம்மா, மனைவி, அக்கா. அவர் தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்பதையும் கேட்க வேண்டும். முதுகு வலியோடு எண்பது கிலோ உடம்பைப் புரட்டுபவருக்கு, போர்வையை இழுத்துப் புரட்டும் உத்தியைச் சொல்லிக்கொடுத்தால் பாதி பாரம் குறையும். நோயாளியிடம் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குவேன். "இனி என்ன சிஸ்டர் இருக்கு" என்று குரல் இறங்கினால் அதைத் தாண்டிப் போவதில்லை. மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். எங்கள் டாக்டரிடமும் அன்றே சொல்லிவிடுவேன். சிலரிடம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்வதுண்டு. 1954-இல் கார் விபத்தில் அவர் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். எல்லோரிடமும் சொல்ல மாட்டேன், சிலருக்கு அது இன்னும் பாரமாகிவிடும்.

டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவர்கள் வீட்டில் இருந்தால், வண்டி ஏறும் முன் வார்டில் கேளுங்கள்: எந்த நம்பர், எத்தனை மணி வரை எடுப்பார்கள், ராத்திரியில் யார், போனில் பேசுபவருக்கு நம் ஃபைல் கையில் இருக்குமா. கடைசிக் கேள்விக்கு "இருக்காது" என்று பதில் வந்தால், அவரது வழக்கமான பிபி, காயத்தின் மட்டம், டியூபின் சைஸ் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் போனுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.

வியாசர்பாடி அம்மாவுக்கு இப்போது மாதம் ஒரு போன்தான். போன வாரம் எடுத்ததும் நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "காலையில முதுகு நான்தான் பார்த்தேன், சூடு இல்ல. நேத்து ஆறு தடவை வடிச்சோம், நானூறுக்கு மேல போகல. இழுப்பு அப்படியேதான். பிபி நூத்தி ரெண்டு. வேற என்ன சிஸ்டர்? குக்கர் வெச்சிருக்கேன், வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார்.